பெர்மிட்டுக்குப் பயந்து மூடிய வாய்

கோலாலம்பூரில் இரவு பன்னிரண்டு மணி என்றால் தமிழ்நாட்டில் ஒன்பதரை. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உணவகங்களில் கடைசிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மாடியறைக்கு ஏறும் பையன், அம்மா தூங்குவதற்குள் பேசிவிடலாம் என்று அந்த இரண்டரை மணி நேரத்தைத்தான் நம்பியிருக்கிறான். “சாப்டியாப்பா?” “சாப்டேம்மா.” “வேல எப்படி?” “நல்லா இருக்கு.” “பணம் எப்பப்பா?” “அடுத்த வாரம்.” பேச்சு அதோடு முடிந்துவிடும். இரட்டைக் கோபுரத்தின் முன்னால் அவன் நிற்கும் படம் சொந்தக்காரர்கள் எல்லார் கைப்பேசியிலும் இருக்கிறது. அவன் பல வாரங்களாகச் சரியாகத் தூங்கவில்லை என்பது பக்கத்துப் பாயில் படுத்திருப்பவனுக்குக்கூடத் தெரியாது.

ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, தஞ்சை, திருவாரூர் என்று நீளும் ஊர்களிலிருந்து திருச்சி விமான நிலையம் வழியாக வருகிறவர்கள் இவர்கள். உணவகம், முடிதிருத்தகம், ஜவுளிக்கடை, நகைப்பட்டறை என்று கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழர் தொழில்கள் பலவும் இவர்கள் கைகளில்தான் ஓடுகின்றன. பின்னவை மூன்றுக்கும் வெளிநாட்டு ஆள் எடுப்பதை மலேசிய அரசு 2009-இல் நிறுத்தியது. 2023-இல்தான் மறுபடி அனுமதித்தது. அதே 2023-இன் டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் முப்பது நாள் வந்து தங்கலாம் என்றானது. சுற்றுலா வருகிறவர்களுக்கு இது நல்ல செய்தி. “போய் இறங்கு, அங்கே பெர்மிட் அடித்துக்கொள்ளலாம்” என்று சொல்லும் ஏஜெண்டுக்கு இன்னும் நல்ல செய்தி. முப்பது நாள் கழிந்ததும் அந்தப் பையன் ‘கோசோங்’. தாள் இல்லாதவனை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். குடிநுழைவுச் சட்டத்தில் அதற்கு அபராதமும் சிறையும் உண்டு.

பெர்மிட் இருப்பவன் நிம்மதியாக இருக்கிறானா என்றால், அதுவும் முழுசாக இல்லை. வேலை பெர்மிட் ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. மனம் ஒப்பவில்லை என்று பக்கத்துக் கடைக்கு மாற முடியாது. மனைவி மக்களை அழைத்துவர முடியாது. இங்கே யாரையும் திருமணம் செய்துகொள்ளக் கூடாது. தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்வது 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். ஆனாலும் ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று அது மேசை இழுப்பறைக்குள் போய்விடுவது சாதாரணமாக நடக்கிறது. ஊரில் வாங்கிய கடனுக்கு மாதா மாதம் வட்டி ஏறுகிறது. இப்படி எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டு, ஏன் இவன் சிரிப்பதே இல்லை என்று கேட்பதில் என்ன நியாயம்?

மனச்சோர்வு என்று யாரும் வந்து சொல்வதில்லை. தலைவலி என்பார்கள். நெஞ்சு படபடக்கிறது, வயிறு எரிகிறது, சோறு இறங்கவில்லை என்பார்கள். கிளினிக்கில் மாத்திரை கொடுப்பார்கள், அன்றைக்கு அடங்கும். அந்தப் படபடப்புக்குப் பின்னால், தான் போக முடியாமல் போன அப்பாவின் சாவு இருக்கலாம். தான் பார்க்காமலே நடக்கப் பழகிவிட்ட குழந்தை இருக்கலாம். அதைக் கேட்க கிளினிக்கின் ஐந்து நிமிடத்தில் நேரம் இருக்காது, மொழியும் இருக்காது.

“மனம் விட்டுப் பேசுங்கள்” என்று அறிவுரை சொல்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளி இந்த நாட்டுக்கு வந்ததும் ஃபோமேமா மருத்துவப் பரிசோதனைக்குப் போகிறார். பெர்மிட் புதுப்பிக்கும் தொடக்க ஆண்டுகளில் மறுபடியும் போகிறார். தகுதியில்லை என்று திருப்பி அனுப்பக் காரணமாகும் நோய்களின் பட்டியலில் காசநோய், எச்.ஐ.வி., புற்றுநோய், வலிப்பு ஆகியவற்றோடு மனநோயும் இருக்கிறது. பாதிக் கடன்கூட அடையாத ஒருவன், “எனக்கு மனசு சரியில்லை டாக்டர்” என்று எந்த தைரியத்தில் வாய் திறப்பான்? இதை வெட்கம், படிப்பறிவின்மை, நம்மவர்களின் மூடப்பழக்கம் என்றெல்லாம் விளக்குவது எனக்கு உடன்பாடில்லை. அவன் கணக்குப் போட்டுத்தான் மௌனமாக இருக்கிறான். அந்தக் கணக்கில் தவறும் இல்லை.

ஆகவே அவனுக்கு உதவ நினைப்பவர்கள் முதலில் கொடுக்க வேண்டியது ஓர் உறுதிமொழி: நீ சொல்வது முதலாளிக்கும் போகாது, குடிநுழைவுத் துறைக்கும் போகாது.

அந்த உறுதிமொழியை அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் காப்பாற்றி வரும் ஓர் இடம் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிறது. 1970-இல் தொடங்கிய பிஃப்ரெண்டர்ஸ். இருபத்துநான்கு மணி நேரமும் தொலைபேசியில் கேட்கிறார்கள், காசு கிடையாது. பெயர் சொல்ல வேண்டியதில்லை, பெர்மிட் எண்ணும் தேவையில்லை. எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்கள். இதைச் செய், அதைச் செய்யாதே என்று அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. அழுது முடிக்கும்வரை காத்திருப்பார்கள். ஆங்கிலம், மலாய், மாண்டரின் ஆகியவற்றோடு தமிழிலும் இந்தச் சேவை உண்டு. பெயரே கேட்காத இடத்திலிருந்து ஃபோமேமாவுக்கு எந்தத் தகவலும் போக வழியில்லை. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவையும் மலேசிய நாடாளுமன்றம் 2023-இல் நீக்கிவிட்டது. காப்பாற்றப்பட்டவரை வழக்குக்கு இழுக்கும் அந்தக் காலம் முடிந்துவிட்டது என்பதை ஒவ்வொரு தொழிலாளர் விடுதியிலும் போய்ச் சொல்ல வேண்டும்.

கேட்பது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு ஐரின் பெர்னாண்டஸின் வாழ்க்கையே சாட்சி. 1991-இல் தெனாகனித்தா என்ற தொண்டு அமைப்பைத் தொடங்கியவர். குடிநுழைவுத் தடுப்பு முகாம்களில் இருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் கேட்டு, 1995-இல் அறிக்கை வெளியிட்டார். அடுத்த ஆண்டே ‘பொய்ச் செய்தி’ வெளியிட்டதாக வழக்கு. 2003-இல் ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பு; மேல்முறையீட்டில் 2008-இல்தான் விடுதலை. 2014-இல் அவர் காலமானார். வீட்டு வேலைக்கு வந்து அடியும் பட்டினியும் பட்ட பெண்களுக்கு அவருடைய அமைப்பு அடைக்கலம் தந்திருக்கிறது. வீட்டுப் பணிப்பெண்ணின் நிலைமை கடைப் பையனைவிட மோசம். வார ஓய்வு நாளை உறுதிசெய்யும் சட்டப் பகுதி அவளுக்குப் பொருந்தாது. ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் போய் நாலு பேரைப் பார்த்து ஒரு தோசை சாப்பிட்டுத் திரும்பும் ஆறுதல்கூட அவளுக்கு இல்லை.

ஆலோசனை என்றதும் குளிரூட்டிய அறை, மணிக்குக் கட்டணம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-இல் வேறு வழி பார்த்தார். நாட்டில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதனால் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, மருத்துவ நிலைய வாசலில் மரப்பெஞ்சு போட்டு உட்காரவைத்தார். பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களின் மனச்சோர்வு வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அதிகம் குறைந்திருந்ததை 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. மருத்துவர் அல்லாதவர்களைப் பயிற்றி ஐந்து அமர்வுகளில் உதவும் கையேட்டை உலக சுகாதார நிறுவனமும் அதே ஆண்டு வெளியிட்டது. பக்கத்துச் சிங்கப்பூரில், 2020-இல் தொற்றுக்காலத்தில் விடுதிகளில் அடைபட்ட தொழிலாளர் பட்ட பாட்டைப் பார்த்தபின், அரசே அவர்களின் மனநலத்துக்கென ‘டான்’ திட்டத்தைத் தொடங்கியது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் பெஞ்சு போட இடமா இல்லை? பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் சாலையில் இலங்கைத் தமிழர் எழுப்பிய கந்தசுவாமி கோயில் இருக்கிறது. கிள்ளானில் சுந்தரராஜப் பெருமாள் கோயில் இருக்கிறது. சூராவ் தொழுகைக்கூடங்களும் தேவாலயங்களும் இருக்கின்றன. ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம், பயிற்சி பெற்ற இருவர், இரண்டு நாற்காலி. ஓய்வு பெற்ற தமிழாசிரியைகளும் தாதியரும் இந்த ஊரில் நிறைய. நோய் முற்றியவரை மருத்துவமனைக்கு அனுப்ப அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது பயிற்சியில் வரும். அரசும் தன் பங்குக்கு ஒன்றைச் செய்தாக வேண்டும்: சிகிச்சை பெற்றால் தேறிவிடக்கூடிய மனச்சோர்வை, திருப்பி அனுப்பும் காரணங்களிலிருந்து வெளிப்படையாக விலக்க வேண்டும்.

முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள். பாஸ்போர்ட்டை அவரவரிடம் கொடுத்துவிடுங்கள். வாரம் ஒரு நாள் உண்மையிலேயே விடுப்பு கொடுங்கள். ஊரில் சாவு என்றால் டிக்கெட் போட்டு அனுப்புங்கள். கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஊரில் இருக்கும் பெற்றோருக்கும் சொல்ல வேண்டும்: அடுத்த முறை அவன் அழைக்கும்போது பணத்தைப் பற்றி எதுவும் கேட்காமல், “ராத்திரி தூங்கினியாப்பா?” என்று கேளுங்கள். பதில் வரச் சிறிது நேரம் ஆனால் போனை வைத்துவிடாதீர்கள்.

பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூரின் எண் 03-7627 2929; எந்த நேரமும் அழைக்கலாம். மலேசியச் சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. இந்த இரண்டையும் ஒரு தாளில் தமிழில் எழுதி, உங்கள் கடையின் கைகழுவும் இடத்துக்கு மேலே இன்றைக்கே ஒட்டிவையுங்கள்.