பிரவுசர் மக்கர் செய்தால்

மூணாறு, வண்டிப்பெரியாறு, கொழிஞ்சாம்பாறை போன்ற கேரளத் தமிழ் ஊர்களில் வருமானச் சான்றிதழ் வேண்டுமென்றால் பலர் போவது அக்ஷயா சென்டருக்கு. மலப்புரத்தில் 2002இல் தொடங்கிய திட்டம் இது. இ-டிஸ்ட்ரிக்ட் என்ற அரசுத் தளத்தில் வீட்டிலிருந்தே விண்ணப்பிப்பவர்களும் உண்டு. எங்கே செய்தாலும் பிரவுசர் ஒழுங்காக ஓட வேண்டும்.

கோளாறுகள் பெரும்பாலும் பழக்கமானவைதான். கூகுள் இருந்த இடத்தில் ஏதோ பெயர் தெரியாத தேடுதளம் வந்து உட்கார்ந்திருக்கும். தேர்வு முடிவு பார்க்கப் போன பக்கத்தில் ‘அலவ்’ அமுக்கியதன் பலனாக, திரை மூலையில் ஓயாமல் விளம்பரம் முளைக்கும். உடனே பிரவுசரை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போடுகிறார்கள். வீண் வேலை. நம் அமைப்புகள் ‘புரொஃபைல்’ என்ற தனி ஃபோல்டரில் இருக்கின்றன. அன்இன்ஸ்டால் வழக்கமாக அதைத் தொடுவதில்லை.

ஃபயர்பாக்ஸில் அந்த ஃபோல்டருக்குள் ‘பிரெஃப்ஸ்’ என்றொரு சின்னக் கோப்பு. நாம் மாற்றிய அமைப்புகளில் பெரும்பாலானவை அதில் ஒவ்வொரு வரியாக இருக்கும் (தேடுதளமும் தளங்களுக்குக் கொடுத்த அனுமதிகளும் வேறு கோப்புகளில்). ஃபயர்பாக்ஸை மூடிவிட்டு அதன் பெயரை மாற்றி வையுங்கள். அடுத்த முறை திறக்கும்போது புதிதாக ஒன்று உருவாகும். மூடாமல் செய்தால் பயனில்லை, ஏனென்றால் மூடும்போது பழைய அமைப்புகளையே திரும்ப எழுதிவிடும். புக்மார்க், பாஸ்வேர்ட் எல்லாம் வேறு கோப்புகளில் இருப்பதால் அவற்றுக்கு ஆபத்தில்லை.

கோப்பைத் தொடத் தயக்கமென்றால் ஹெல்ப் மெனுவில் ‘மோர் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்’ பக்கத்துக்குப் போய் ‘ரிஃப்ரெஷ் ஃபயர்பாக்ஸ்’ அமுக்கலாம். எக்ஸ்டென்ஷன்களும் தளங்களுக்குக் கொடுத்த அனுமதிகளும் போய்விடும். புக்மார்க், பாஸ்வேர்ட், குக்கி தங்கும். பழைய புரொஃபைல் டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டராக வந்து விழும். அதை அவசரப்பட்டு அழிக்க வேண்டாம்.

குரோமில் செட்டிங்ஸ் போய் ‘ரீசெட் செட்டிங்ஸ்’. இங்கே ஒரு வித்தியாசம்: குக்கியும் அழிவதால் எல்லாத் தளத்திலிருந்தும் வெளியேறிவிடுவீர்கள். பாதி நிரப்பிய மனு இருந்தால் முதலில் அதை முடியுங்கள். பாஸ்வேர்ட் நினைவிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குரோம் எக்ஸ்டென்ஷன்களை நீக்காது, அணைத்து மட்டும் வைக்கும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டதும் பழைய தொல்லை திரும்புகிறதோ, அதைத் தூக்கிவிடுங்கள்.