கோப்பையும் தராசும்



ஊரிலே சுண்டு, கொத்து எனும் முகத்தலளவைகளால் அளந்து சமைத்தோம். வளைகுடாக் கடைகளில் கடலை நிறுத்தலளவையிலேயே கிடைக்கின்றது. எனவே ஒன்றை மற்றொன்றாக மாற்ற அறிதல் வேண்டும்.

240 மில்லிலீற்றர் கொள்ளும் கோப்பையில் உலர்ந்த கொண்டைக்கடலை ஏறத்தாழ 200 கிராம் நிற்கும். அவித்த கடலையோ 164 கிராமே. நீரை உறிஞ்சி நிறை கூடிய கடலை குறைவாய் நிற்பதேன்? மணிகள் பருப்பதால் அதே கோப்பையில் முன்னிலும் குறைந்த மணிகளே அடங்கும். ஒரு கோப்பை உலர்கடலை அவிந்தபின் ஏறக்குறைய மூன்று கோப்பையாகும். நிறையோ இருமடங்கிற்குச் சற்று மேலாகும்.

விழாவில் 100 பிள்ளைகளுக்கு அரைக் கோப்பை வீதம் அவித்த கடலை வழங்க 8,200 கிராம் வேண்டும். இதற்கு உலர்கடலை 4 கிலோ போதுமானது. தகரப்பேணியில் வாங்குவதாயின், 400 கிராம் பேணியில் நீர் வடித்த கடலை பெரும்பாலும் 240 கிராமே. ஆதலால் 35 பேணிகள் தேவை. 8,200ஐ 400ஆல் வகுத்து 21 பேணிகள் வாங்கினால், 39 பிள்ளைகளுக்குக் கடலை கிட்டாது! வடித்த நிறை எவ்வளவென்று பேணியின் மேலுறையில் பார்த்து வாங்குக.

மாணவர்களே, வீட்டில் ஒரு கோப்பைக் கடலையை அவிக்குமுன்னும் பின்னும் அளந்து, நிறுத்து, விடையை எழுதி வாருங்கள்.