சொந்த சர்வர் – 9: துண்டுச்சீட்டு

சர்வர் ஓடுகிறது, ஆண்ட்ராய்டு போனில் மணி அடிக்கிறது. போன வாரம் அந்த இடத்தில் நிறுத்தினோம். இந்த வாரம் சர்வருக்குப் பூட்டுப் போடுவதாகச் சொல்லியிருந்தேன். நடுவில் ஐபோன் வந்து ஐந்து நாட்களை எடுத்துக்கொண்டது.

எங்கள் மாடித் தொட்டி நிரம்பினால் வீட்டுச் சர்வர் நோட்டிஃபை என்ற அறிவிப்பு ஆப் வழியாக எனக்கும் மனைவிக்கும் செய்தி அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை என் ஆண்ட்ராய்டு உடனே அடித்தது. நான் அலுவலகக் கூட்டத்தில் இருந்தேன், போன் பையில் இருந்தது. மோட்டாரை நிறுத்தக்கூடியவர் வீட்டில்தான் இருந்தார், ஆனால் அவருடைய ஐபோன் மூச்சுக் காட்டவில்லை. மதியம் அவர் ஆப்பைத் திறந்த பிறகுதான் காலைச் செய்தி எட்டிப் பார்த்தது. அதற்குள் தண்ணீர் படிக்கட்டில் இறங்கி, பக்கத்து வீட்டு அக்கா காயவைத்திருந்த வடகம் வரை போயிருந்தது.

ஆண்ட்ராய்டில் நோட்டிஃபை ஆப் நம் சர்வரோடு ஒரு இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும். பேச எதுவும் இல்லாவிட்டாலும் 45 விநாடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று சர்வர் குரல் கொடுக்கும். ஐபோன் இதற்கு இடம் தருவதில்லை. ஆப்புகள் ஆளுக்கொரு இணைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தால் பேட்டரி தாங்காது என்பதால் எல்லோருக்கும் பொதுவாக ஒரே வாசல்தான். அது ஆப்பிளின் அறிவிப்புச் சேவை. 2008-ல் அறிவித்து, அந்த ஆண்டே தருவதாகச் சொல்லி, 2009 ஜூனில் திறந்தார்கள். மூடிக்கிடக்கும் ஆப்பை உடனே தட்டி எழுப்ப வேண்டுமானால் அந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும்.

அந்த வாசலுக்கான சாவி ஆப்பை வெளியிட்டவரிடம்தான் இருக்கும். நோட்டிஃபையை எழுதிய பிலிப் ஹெக்கல் நடத்தும் பொதுச் சர்வரிடம் அது இருக்கிறது, நம்மிடம் இல்லை. அப்படியானால் தொட்டிச் செய்தி அவர் சர்வருக்குப் போய், அங்கிருந்து கூகுளின் ஃபயர்பேஸ் சேவை வழியாக ஆப்பிளுக்குப் போய்த்தான் சமையலறைக்கு வர வேண்டுமா? வெளியார் கண்ணில் படக்கூடாது என்றுதானே ஒன்பது வாரமாக இந்தப் பாடு!

அப்படி நடப்பதில்லை என்று தெரிந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டில் ஆள் இல்லாதபோது பதிவுத் தபால் வந்தால் தபால்காரர் கதவிடுக்கில் ஒரு துண்டுச்சீட்டைச் செருகிவிட்டுப் போவார். நாம் அஞ்சலகம் போய்த் தபாலை வாங்கிக்கொள்வோம். நோட்டிஃபை செய்வதும் இதைத்தான். செய்தி நம் சர்வரிலேயே இருக்கும். வெளியே போகிற சீட்டில் செய்தியின் அடையாள எண்ணும், டாபிக் (செய்திகள் வந்து சேரும் தலைப்பு) முகவரியில் இருந்து ஷா-256 என்ற கணக்கு தரும் கைரேகையும் மட்டும் இருக்கும். சீட்டு வந்ததும் ஐபோன் விழித்து, நேராக நம் சர்வருக்கு வந்து செய்தியை எடுத்துக்கொள்ளும். வெளியூரில் இருந்து நம் சர்வரை எட்ட முடியாவிட்டால் திரையில் 'நியூ மெசேஜ்' என்று மட்டும் வரும்.

அமைப்புக் கோப்பில் அப்ஸ்ட்ரீம்-பேஸ்-யூஆர்எல் என்ற வரியில் அந்தப் பொதுச் சர்வரின் முகவரியைக் கொடுத்தால் போதும். கொடுத்தேன். செவ்வாய், புதன் இரண்டு நாளும் ஐபோன் அசையவில்லை.

வியாழன் இரவு டாபிக் முகவரியைக் கையால் டெர்மினலில் கொடுத்து, கைரேகையை எடுத்துப் பார்த்தேன். 64 எழுத்தில் ஒரு வரி வந்தது. பிறகு ஹெச்டிடிபிஎஸ் என்பதில் கடைசி 'எஸ்'-ஐ மட்டும் எடுத்துவிட்டு மறுபடி எடுத்தேன். வேறொரு 64 எழுத்து. இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தால் ஒரே வீட்டு முகவரியில் பிறந்தவை என்று யாரும் சொல்லமாட்டார்கள். தவறு அங்கேதான் இருந்தது. சர்வரின் சொந்த முகவரியைச் சொல்லும் பேஸ்-யூஆர்எல் வரியில் நான் 'எஸ்' போடவில்லை, போனில் போட்டிருந்தேன். அதனால் இரண்டின் கைரேகையும் பொருந்தவில்லை. சர்வர் எழுதிய சீட்டெல்லாம் யாரும் குடியிருக்காத வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்து, சர்வரை மறுபடி தொடங்கினேன். சமையலறையில் இருந்து, "ஏங்க, தொட்டி நிரம்பிடுச்சாம்!" என்று குரல் வந்தது. அது நான் அனுப்பிய சோதனைச் செய்திதான், இருந்தாலும் அவர் மோட்டார் சுவிட்சை அணைத்துவிட்டார்.

சீட்டு எதையுமே காட்டிக்கொடுக்காது என்று சொல்லமாட்டேன். 2023 டிசம்பரில் அமெரிக்க செனட்டர் ரான் வைடன் தம் நாட்டு நீதித் துறைக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்த அறிவிப்புப் பதிவுகளை அரசாங்கங்கள் ஆப்பிளிடமும் கூகுளிடமும் கேட்டு வாங்குகின்றன என்பது அதில்தான் வெளியே வந்தது. எந்த ஆப்புக்கு, எந்த நேரத்தில், எந்தப் போனுக்குச் சீட்டு போனது என்பதை உள்ளடக்கம் இல்லாமலேயே சொல்லிவிட முடியும். கைரேகையைத் திருப்பிப் படிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் நம் சர்வர் முகவரி தெரிந்த ஒருவர் 'தொட்டி', 'மோட்டார்' என்று டாபிக் பெயர்களை ஊகித்து, ஒவ்வொன்றுக்கும் கைரேகை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதனால் எங்கள் டாபிக்கின் பெயரை வெள்ளிக்கிழமையே இருபது எழுத்துக் குழப்பமாக மாற்றிவிட்டேன்.

பூட்டு அடுத்த வாரம். எல்லோருக்கும் அனுமதி மறுப்பு என்று சர்வரில் ஒரே வரியில் போட்டுவிடலாம். அதன்பின் சீட்டோடு வந்து நிற்கும் ஐபோன் எந்த அடையாளத்தைக் காட்டி உள்ளே வரும் என்பதில் இருந்து தொடங்குவோம். அதுவரை நீங்களும் டாபிக் பெயரை மாற்றி வையுங்கள். இப்போதைக்கு உங்கள் சர்வரில் அதைத் தவிர வேறு தாழ்ப்பாள் இல்லை.