ஏலக்காய் காத்திருக்கும், திராட்சை காத்திராது

போடிநாயக்கனூர் வட்டாரத்துச் சாகுபடியாளர்களுக்கு ஏலக்காயின் குணத்தை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆகஸ்டுத் திங்கள் தொடங்கிப் பிப்ரவரி வரையில், 30 முதல் 45 நாட்களுக்கு ஒரு முறை காய் பறிக்கப்படுகிறது. பச்சைக் காயில் நூற்றுக்கு எண்பது பங்கு நீரேயாகும். அன்றைய தினமே அது, ஸ்டோர் என்று மலையில் வழங்கும் உலர்த்தும் கூடத்திற்குச் சென்று, அடுப்புச் சூட்டில் இரவெல்லாம் கிடந்து, ஐந்து கிலோ ஒரு கிலோவாகச் சுருங்கி வெளிவருகிறது. வெளிவந்த பின்னர் அதன் நிலைமையே வேறு. மூட்டையில் கட்டி ஈரம் படாமல் வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். போடியிலும் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் நடைபெறும் மின்னணு ஏலத்தில், இவ்வாரம் விலை ஒவ்வாவிடில் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

காத்திருப்பது எப்பொழுதும் ஆதாயமாக முடியும் என்று நாம் கூறவில்லை. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட ஏலக்காய், 2022இல் 1,000 ரூபாய்க்கும் கீழே சென்றதை மறந்தவர் இங்கு எவரும் இரார். இன்னும் ஏறும் என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு அமர்ந்தவர்கள் பட்ட பாடு ஊரறிந்தது. எனினும் காத்திருப்பதா, விற்பதா என்று தீர்மானிக்கும் உரிமை அவர்களிடம் இருந்தது. நம் நெசவாளர் உறுப்பினர்களுக்கும் இஃது எளிதில் விளங்கும். மடித்து வைத்த சேலை தீபாவளி வரை கெடாது. அடகு வைக்கவும் அதற்கு மதிப்புண்டு. உலர்ந்த விளைபொருளை விற்பனைச் சங்கத்தின் கிடங்கில் வைத்து ஈட்டுக் கடன் பெறுவதும் இந்தக் குணத்தினால்தான் இயலுகிறது.

போடியிலிருந்து தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை வழியாக உத்தமபாளையம் சென்று, அங்கிருந்து கம்பத்தை நோக்கித் திரும்பினால், இந்த உரிமை இல்லாத ஒரு பயிரைக் காணலாம். இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, சுருளிப்பட்டி ஆகிய ஊர்ப்புறங்களில் கற்கால்களின் மேல் கம்பி இழுத்துப் பரப்பிய பந்தல்களில் பன்னீர் திராட்சை தொங்குகிறது. 1895இல் பென்னிகுயிக் துரையின் அணை முடிந்து முல்லைப் பெரியாற்று நீர் கிழக்கே திரும்பியதும் இப்பள்ளத்தாக்கின் தலையெழுத்தே மாறியது; திராட்சைக்கும் அந்நீரே ஆதாரம். 2023 ஏப்ரலில் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இக்கொடியைத் தமிழகத்திற்குக் கொணர்ந்தார் என்று அதன் வரலாறு கூறப்படுகிறது. ஆனால் நூலோர் மஸ்கட் ஹாம்பர்க் என வழங்கும் இவ்வகை, இங்கிலாந்தில் ஸ்னோ என்னும் தோட்டக்காரரால் 1850ஐ ஒட்டிய ஆண்டுகளில் உண்டாக்கப்பட்டது என்றும் எழுதியிருக்கிறார்கள். பாதிரியார் கொணர்ந்தது வேறொரு கொடியாயிருந்து, பின்னர் வந்தது அதன் பெயரைச் சுவீகரித்ததோ என்னவோ! வாசனையில் மட்டும் ஐயமில்லை. பழுத்த தோட்டத்தின் அருகே சென்றாலே பன்னீர் என்ற பெயரின் காரணம் விளங்கிவிடும்.

இப்பயிரின் அறுவடைக்காலம் யாது என்று கேட்டால் விடை கூறுவது கடினம். குளிர்நாடுகளில் கொடி பனிக்காலத்தில் உறங்கி, ஆண்டுக்கு ஒரு முறை காய்க்கும். நாசிக்கில் இரு முறை கவாத்துச் செய்து ஒரு மகசூல் மட்டுமே எடுப்பார்கள். அங்கு அறுவடை சனவரி முதல் மார்ச்சு வரையில். இங்கோ கொடிக்கு உறக்கமே இல்லை. கவாத்துச் செய்த ஏறத்தாழ 120ஆம் நாளில் குலை பறிப்புக்கு வரும். ஒரு மாதம் ஓய்வு கொடுத்து மீண்டும் கத்தரித்தால் மீண்டும் காய்க்கும். இக்கணக்கில் இரண்டாண்டுகளில் ஐந்து மகசூல் எடுக்கலாம். ஆகையால் ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போதே பக்கத்துத் தோட்டத்தில் பெட்டி கட்டுவார்கள்.

ஆனால் பழுத்தபின் இக்கனி எவருக்காகவும் காத்திராது. தோல் மெல்லியது. மழை பெய்தால் வெடிக்கும். பறித்துவிட்டால் காம்பு விட்டு உதிரும். வெட்டுகிற அன்று வியாபாரி சொல்லும் விலையை மறுப்பதற்குச் சாகுபடியாளனிடம் உள்ள காலம் சில நாட்களே. அது வியாபாரிக்கும் தெரியும். 2020இல் ஊரடங்கின்போது பழுத்த குலைகள் வாங்குவாரின்றிப் பந்தலிலேயே அழுகியதை இப்பள்ளத்தாக்கு கண்டது. ஈட்டுக் கடன் கேட்டு வருபவரிடம் நாம் என்ன சொல்வது? எந்தக் கிடங்கும் பச்சைத் திராட்சையை ஈடாக ஏற்காது.

இந்நிலையில்தான், ‘ஐரோப்பாவிலும் நாசிக்கிலும் ஒரு குடும்பமே தோட்டமும் வைத்து ஒயினும் செய்கிறதாமே, இங்கே ஏன் செய்யலாகாது?’ என்னும் கேள்வி எழுகிறது. 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்து 1971 வரை நிலவிய நாடு இது. மதுவினால் நெசவாளர் இல்லங்கள் படும் துயரத்தை நேரில் காண்பவர்கள் நாம். குடிக்கப் பரிந்து பேசுவது நம் எண்ணமன்று. அந்தச் சிறு குடும்ப ஆலை எதனால் பிழைக்கிறது என்பதை அறிவதில் மட்டும் குற்றமில்லை.

செய்முறையில் மறைபொருள் ஒன்றுமில்லை. குலையை நசுக்கித் தொட்டியில் இட்டால், ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சாற்றிலுள்ள சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரைக்கு நூற்றுக்கு ஒரு பங்கு சாராயம் என்பது கணக்கு. சிவப்பு நிறம் தோலிலிருந்து இறங்குவதாகும். ஆகவே ஒரு வாரமோ சற்றுக் கூடுதலாகவோ தோலுடனே நொதிக்கவிட்டுப் பின்பு பிழிவார்கள். வண்டல் தெளியத் தெளிய வேறு கலத்திற்கு மாற்றுவார்கள். காற்றுப் படாமல் காக்க வேண்டும், காக்காவிட்டால் காடியாகிவிடும். வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் ஈஸ்ட் சோர்ந்துபோகும். கம்பத்து வெயிலில் தொட்டிகளைக் குளிர்விக்காமல் இத்தொழில் நடவாது. முதலீட்டில் பெரும்பகுதி திராட்சையிலன்று, இந்தக் குளிரூட்டலிலேயே கரையும்.

ஏலக்காய்க்கு ஸ்டோர் செய்வதைத் திராட்சைக்கு அந்தத் தொட்டி செய்கிறது. நான்கு நாள் பொருளை நாலாண்டுப் பொருளாக்குகிறது. எனினும் நாலாண்டு காத்திருக்கச் சிறு குடும்பத்திடம் கைமுதல் ஏது? இதற்குத்தான் ‘புது ஒயின்’ வெளியீடு. பிரான்சில் பொஜொலே பகுதியினர் செப்டம்பரில் பறித்த திராட்சையின் ஒயினை நவம்பர் மூன்றாம் வியாழனன்று விற்பனைக்கு விடுகிறார்கள். 1985 முதல் இதுவே அங்குள்ள ஏற்பாடு. இரண்டு மாதத்தில் பணம் திரும்பிவிடுகிறது. அந்தப் பணத்தில் கூலியும் கடனும் தீர்த்துவிட்டு, எஞ்சிய ஒயினைப் பொறுமையாக வைத்து விற்கலாம். ஆஸ்திரியாவில் 1784இல் பேரரசர் இரண்டாம் யோசேப்பு, திராட்சைக் குடியானவர் தம் சொந்த ஒயினைத் தம் வீட்டிலேயே விற்கலாம் என்று ஆணையிட்டார். வாசலில் பசுங்கொத்து ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டால் புது ஒயின் இருக்கிறது என்று பொருள். வியன்னாவைச் சுற்றி இன்றும் அவ்வழக்கம் உண்டு. குடும்ப ஆலையின் உயிர் இந்த வாசல் விற்பனையில் இருக்கிறது.

நம் மாநிலத்தில் அந்த வாசல் இல்லை. 2006இல் ஒயின் உற்பத்திக்கெனத் தனி விதிகள் வந்தன. தேனி மாவட்டத்திலும் ஆலை எழுந்தது. ஆயினும் மது மொத்த விற்பனை 1983 முதலும், சில்லறை விற்பனை 2003 முதலும் அரசு வாணிபக் கழகத்தின் கையில் இருக்கின்றன. வாங்குவோர் ஒருவரேயானால், செய்வோர் சிறியவராயிருந்து பயனென்ன?

நாசிக்கின் அனுபவமும் எச்சரிக்கை தருவதே. 1999இல் அங்குத் தோன்றிய சுலா நிறுவனம் தழைத்தது. 2001இல் மராட்டிய அரசு சலுகைக் கொள்கையை அறிவித்ததும் சிற்றாலைகள் பல எழுந்தன. 2008க்குப் பின் விற்பனை தளர்ந்தபோது அவற்றுள் பல மூடப்பட்டன. ஒயினுக்கென்றே நட்ட கொடிகளைச் சாகுபடியாளர்கள் பிடுங்கி எறிந்தார்கள், அக்கனி தின்பதற்கு உதவாதாகையால். அவர்களுக்கு ஒயின் செய்யத் தெரிந்திருந்தது; விற்க ஆள் இல்லை. பன்னீர் திராட்சை இவ்வகையில் மேலானது. தின்னவும் ஆகும், சாறு பிழியவும் ஆகும்.

தனிக்குடும்பம் தாங்காத சுமையைக் கூடித் தாங்கிய வரலாறும் உண்டு. ஜெர்மனியில் ஆர் ஆற்றுப் பள்ளத்தாக்கில், மாய்ஷோஸ் என்னும் ஊரில் 1868இல் 18 திராட்சைக் குடியானவர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்துப் பொது நிலவறை வைத்தார்கள். உலகின் முதுபெரும் ஒயின் கூட்டுறவுச் சங்கங்களுள் அஃது ஒன்று. 2021 ஜூலை வெள்ளத்தில் அப்பள்ளத்தாக்கே சிதைந்தது. அப்பொழுதும் அங்குள்ளோர் நிலவறைகளிலிருந்து எடுத்த புட்டிகளைச் சேறு கழுவாமலே ‘வெள்ள ஒயின்’ என்று விற்று இலட்சக்கணக்கான யூரோ திரட்டினார்கள். வெள்ளத்திற்குப் பின்னும் விற்கக்கூடிய விளைபொருள் வேறு எது இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறோம்.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் கடல் கடந்த அமெரிக்காவில் இருக்கிறது. 1869இல் நியூ ஜெர்சியைச் சேர்ந்த தாமஸ் வெல்ச் என்னும் பல் மருத்துவர், மதுவை வெறுத்த மெதடிஸ்டுக் கிறித்தவர், தேவாலய வழிபாட்டிற்குச் சாராயமில்லாத திராட்சைச் சாறு வேண்டுமென்று முயன்றார். புட்டியில் அடைத்த சாற்றை வெந்நீரில் சூடாக்கி ஈஸ்டைக் கொன்றுவிட்டால் சாறு நொதியாது. மாதக்கணக்கில் இனிப்பாகவே நிற்கும். அவர் பெயரால் வளர்ந்த நிறுவனத்தை 1956இல் விலைக்கு வாங்கியவர்கள் எந்தச் செல்வரும் அல்லர். அதற்குத் திராட்சை அளித்துவந்த சாகுபடியாளர்களின் கூட்டுறவுச் சங்கமே. தங்கள் திராட்சை விற்ற பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து அந்த விலையைத் தீர்த்தார்கள். நம் நெசவாளர் சங்கங்களில் உறுப்பினர் கூலியில் சிக்கனப் பிடித்தம் செய்கிறோமே, அதே வழிதான்.

மது உரிமம் வேண்டாம். வாணிபக் கழகத்தின் தயவும் வேண்டாம். சாறு பிழியும் பொறி, சூடாக்கும் கலம், புட்டி, உணவுப் பாதுகாப்பு உரிமம் ஆகியவை போதும். அன்றியும் நாசிக்கின் ஆலைத் தொட்டிகள் ஆண்டில் மூன்று மாதமே நிரம்பும். இங்கு ஆண்டு முழுவதும் குலை வெட்டு இருப்பதால் சிறிய கூடமே பல சுற்றுகள் வேலை செய்யும். இந்த வசதி திராட்சை விளையும் பிற பகுதிகளில் அரிது. அதனைப் பயன்படுத்த வேண்டுமாயின் கவாத்து நாட்களைச் சங்கத்தில் பதிந்து, யார் தோட்டம் எந்த வாரம் பழுக்கும் என்ற பட்டியல் ஒன்று கையில் இருத்தல் வேண்டும். இப்பொழுது ஒவ்வொருவரும் தத்தம் வசதிப்படி கத்தரிப்பதால், ஒரு வாரம் பழம் குவிகிறது; மறு வாரம் பெட்டி காலியாகக் கிடக்கிறது.

முதலில் வேண்டுவது கட்டடமன்று, கணக்கு. வரும் கவாத்திலிருந்து ஒவ்வோர் உறுப்பினரும் மூன்று எண்களைக் குறித்து வைப்பாராக: கத்தரித்த நாள், விற்ற எடை, உதிர்ந்தும் வெடித்தும் மண்டிக்குப் போகாமல் நின்ற எடை. மூன்றாம் எண்ணை இதுவரை எவரும் எழுதி நாம் கண்டதில்லை. சாறு பிழியும் கூடம் அந்த எண்ணைக் கொண்டே நடக்க வேண்டும். மண்டியில் நல்ல விலைக்குப் போகும் குலையைப் பிழிந்தால் நட்டமே. இரண்டு மகசூலின் குறிப்புகள் சேர்ந்தபின், பொறி எத்தனை கிலோவுக்கு வேண்டும் என்பதைப் பொதுக்குழுவில் வைத்துப் பேசலாம்.