கிழிந்த குருத்தெலும்பு கூடுமா?

மாடிப்படி ஏறும்போது வீட்டுப் பெரியவர் ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றால், "வயசாகிவிட்டது" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். ஆனால் பந்தாட்ட மைதானத்திலிருந்து நொண்டிக்கொண்டு வரும் இருபது வயது வாலிபனைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியுமா? அவனுக்கு நேர்ந்தது வேறு. முழங்காலுக்குள் இருக்கும் குருத்தெலும்பு கிழிந்துவிட்டது.

தொடையெலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில், பிறைச் சந்திரனைப் போன்ற இரண்டு குருத்தெலும்பு வட்டுகள் இருக்கின்றன. வைத்தியர்கள் இவற்றை மெனிஸ்கஸ் என்பார்கள். சரீரத்தின் பாரத்தைப் பரவலாகத் தாங்கி, எலும்போடு எலும்பு உராயாமல் காப்பது இவற்றின் தொழில். காலை ஊன்றியபடியே உடம்பைத் திருப்பினால் இவை கிழிந்துபோகக் கூடும்.

கையில் கத்தி பட்டால் ஒரு வாரத்தில் ஆறிவிடுகிறது. எலும்பு முறிந்தாலும் கூடிவிடுகிறது. குருத்தெலும்பு மாத்திரம் ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறது? ஒருமுறை கெட்ட குருத்தெலும்பு மீண்டும் தேறுவதில்லை என்று வில்லியம் ஹண்டர் என்ற வைத்தியர் 1743-ஆம் ஆண்டிலேயே லண்டனில் எழுதி வைத்தார். 1883-ல் எடின்பரோவில் தாமஸ் அன்னண்டேல் என்ற சஸ்திர வைத்தியர், ஒரு சுரங்கத் தொழிலாளியின் விலகிய மெனிஸ்கஸைத் தைத்து நிறுத்தினார். ஆனால் அந்த வழியைப் பின்பற்றியவர் சிலரே. மெனிஸ்கஸ் என்பது பயனற்ற ஒரு மிச்சம் என்று 1887-ல் பிளாண்ட் ஸட்டன் என்ற பிரபல வைத்தியர் அபிப்பிராயம் சொன்னார். பயனற்றதை வைத்திருப்பானேன்? கிழிந்தவுடன் வெட்டி எடுத்தெறிவதே நெடுங்காலம் வழக்கமாயிருந்தது.

அதன் பலனை 1948-ல் பேர்பாங்க் என்ற ஆங்கில வைத்தியர் எடுத்துக் காட்டினார். மெனிஸ்கஸை இழந்த முழங்கால்களை எக்ஸ்-ரே படம் பிடித்துப் பார்த்தபோது, எலும்பின் ஓரம் தடித்து, மூட்டின் இடைவெளி குறுகியிருந்தது. வீண் சரக்கென்று எறிந்தது மூட்டின் காவற்காரனையே என்பது மெள்ள மெள்ள விளங்கலாயிற்று.

சரி, அது ஆறாததற்குக் காரணம் என்ன? முதலாவது, இரத்தப் பஞ்சம். மெனிஸ்கஸின் அகலத்தில் வெளி ஓரத்து 100-க்கு 10 முதல் 30 பங்குக்கே இரத்தக் குழாய்கள் செல்கின்றன என்று 1982-ல் ஆர்னாக்ஸ்கி, வாரன் என்ற இரு அமெரிக்கர்கள் கண்டறிந்தனர். ஓரத்துக் கிழிசல் ஆறலாம். உட்புறக் கிழிசல் ஆறுவது அரிது. இரண்டாவது, நெரிசல். கொலாஜன் என்னும் நார்கள் அங்கே பாயைப் போல் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. காயத்தை ஆற்ற வேண்டிய உயிரணுக்கள் அருகிலேயே இருந்தும், அந்தப் பின்னலைத் தாண்டி வர இயலுவதில்லை. வயது ஏற ஏறப் பின்னலும் இறுகுகிறது.

இங்கேதான் என்ஸைம்கள் வருகின்றன. பெயரைக் கேட்டு நேயர்கள் மிரள வேண்டியதில்லை. வெறுஞ் சோற்றை நன்றாக மென்றால் இனிக்கிறதல்லவா? உமிழ்நீரிலுள்ள ஓர் என்ஸைமின் வேலை அது. இறைச்சியோடு பச்சைப் பப்பாளித் துண்டைச் சேர்த்தால் மிருதுவாகிறதே, அதுவும் என்ஸைமின் வேலைதான். அந்தப் பப்பாளி என்ஸைமை 1956-ல் லூயிஸ் தாமஸ் என்ற அமெரிக்க வைத்தியர் முயலின் இரத்தத்தில் செலுத்தினார். நிமிர்ந்து நின்ற காதுகள் வாடிய வெற்றிலையைப் போல் தொங்கிவிட்டன! காதிலிருந்த குருத்தெலும்பின் உறுதிப்பொருள் கரைந்துவிட்டது. அதைவிட ஆச்சரியம், சில தினங்களில் காதுகள் மறுபடி நிமிர்ந்தன. உயிரணுக்கள் பிழைத்திருந்தபடியால், கரைந்ததைத் தாமே மீண்டும் கட்டிவிட்டன.

கரைப்பதும் ஒரு சிகிச்சையாகலாமோ? பென்ஸில்வேனியா சர்வகலாசாலையில் ராபர்ட் மாக் என்பவரும் அவருடைய குழுவினரும் இந்த வழியில் சென்றனர். கொலாஜனைக் கரைக்கும் கொலாஜனேஸ் என்ற என்ஸைமை மயிரிழையினும் மெல்லிய செயற்கை இழைகளில் அடக்கினர். இழைத் துணியைக் கிழிசலுக்குள் வைத்தால், ஈரம் பட்டதும் என்ஸைம் வெளிப்பட்டு, காயத்தின் ஓரத்தை மட்டும் சற்றே தளர்த்துகிறது. 2017-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், உயிரணுக்களை அழைக்கும் வளர்ச்சிப் பொருளொன்றையும் கூடவே வைத்தனர். என்ஸைம் விரைவில் வெளிப்பட்டு வழி திறக்கிறது. வளர்ச்சிப் பொருள் நிதானமாகக் கசிந்து விருந்தாளிகளை அழைக்கிறது. மாட்டின் மெனிஸ்கஸ் துண்டுகளில் இதைச் சோதித்தபோது உயிரணுக்கள் கிழிசலை நோக்கி நகர்ந்து வந்தன. மண்ணைக் கொத்தித் தளர்த்தாமல் விதை தெளிப்பதில் பயனில்லை என்பது நம் குடியானவருக்குத் தெரிந்த விஷயந்தானே!

ஆனால் இவை ஆய்வுக்கூடப் பரிசோதனைகள். மனிதரின் முழங்காலில் நடந்தவை அல்ல. அளவு மிஞ்சினால் காக்க வேண்டிய குருத்தெலும்பையே என்ஸைம் தின்றுவிடும். தளர்ந்த இடம் மறுபடி இறுகி, நாள்தோறும் சரீர பாரத்தைத் தாங்கியாக வேண்டும். என்ஸைம் மாத்திரையை வாங்கி விழுங்கினால் கிழிசல் கூடிவிடும் என்பதற்கும் இந்த ஆராய்ச்சி சாட்சியாகாது.

ஆகவே முழங்கால் அடிபட்டு வீங்கினாலும், மடக்க நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலும், தக்க வைத்தியரிடம் காட்டுவதே விவேகம். வெட்டியெறி என்ற காலம் போய், காப்பாற்று என்ற காலம் வந்திருக்கிறது. ஹண்டரின் தீர்ப்பு இன்னும் முழுதும் ரத்தாகவில்லை. ஆனால் அப்பீல் நடந்துகொண்டிருக்கிறது.