பாதை உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது

வெயில் தலைகாட்டியதும் லண்டன் தமிழ்க் குடும்பங்கள் பல, புளியோதரையோ பிரியாணியோ கட்டிக்கொண்டு சசெக்ஸ் கடற்கரைக்குக் கிளம்பிவிடுகின்றன. குழந்தைகளோடும், ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டியோடும் போக ஏற்ற இடம் செவன் சிஸ்டர்ஸ். பிரைட்டனுக்கும் ஈஸ்ட்போர்னுக்கும் நடுவே எக்சீட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, கக்மியர் ஆற்றை ஒட்டிச் சுமார் 2 கிலோமீட்டர் நடந்தால் கடல் வந்துவிடும். பெரும்பாலும் சமதளம். எதிரே வெள்ளை வெளேரென்று சுண்ணப் பாறைச் சுவர்கள். இவ்வளவு எளிதான நடை என்பதாலேயே பலர் எதையும் விசாரிக்காமல் போய்விடுகிறார்கள்.

என்ன உரிமை?

2009ஆம் ஆண்டின் கடல் மற்றும் கடலோர அணுகல் சட்டம், இங்கிலாந்தின் கரை நெடுக நடைபாதை அமைக்க வழிசெய்தது. நேச்சுரல் இங்கிலாந்து அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்ட அந்தப் பாதையின் நீளம் ஏறத்தாழ 4,300 கிலோமீட்டர். பாதையில் மட்டுமல்ல, பாதைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்திலும் பெரும்பாலும் நடக்கலாம், உட்கார்ந்து சாப்பிடலாம். வீடு, தோட்டம், பயிர் நிலம் இதில் சேராது. கூடாரம் அடிக்கவும் நெருப்பு மூட்டவும் இந்தச் சட்டம் உரிமை தரவில்லை.

இதே சட்டத்துக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அணுகல் உரிமையின் பேரில் அந்த நிலத்தில் நடக்கும்போது பாறை சரிந்தோ பள்ளத்தில் விழுந்தோ அடிபட்டால், நில உரிமையாளரிடம் இழப்பீடு கேட்பது அநேகமாக முடியாது. வேண்டுமென்றே ஆபத்தை உண்டாக்கியிருந்தாலோ, தெரிந்தே அலட்சியமாக விட்டிருந்தாலோதான் விதிவிலக்கு. நடக்க விட்ட சட்டம், பார்த்து நடக்கும் பொறுப்பையும் நம்மிடமே விட்டிருக்கிறது.

எங்கே ஆபத்து?

முதலாவது, பாறையின் விளிம்பு. மேலே நிற்பவருக்குக் காலடியில் புல்தரை உறுதியாகத்தான் தெரியும். கீழே கடற்கரையிலிருந்து அண்ணாந்து பார்த்தால்தான் உண்மை புரியும்: பல இடங்களில் அந்தப் புல்லுக்கு அடியில் பாறையே இல்லை, அலை அரித்த பாறை உள்வாங்கிக் கிடக்கிறது. அருகிலுள்ள பெல் டவுட் பழைய கலங்கரை விளக்கத்தை, அரிப்புக்குப் பயந்து 1999இல் கட்டடத்தோடு 17 மீட்டர் பின்னுக்கு நகர்த்தினார்கள். 2017இல் வெளிநாட்டு மாணவி ஒருவர் செவன் சிஸ்டர்ஸ் பாறை மீது படத்துக்காகத் துள்ளிக் குதித்தபோது விழுந்து இறந்தார். விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி நில்லுங்கள். கீழே பாறையின் அடிவாரத்தில் பாய் விரித்து உட்காராதீர்கள்; முன்னறிவிப்பே இல்லாமல் பாறை சரியும்.

இரண்டாவது, கடல் ஏற்றம். ஆறு கடலில் சேரும் கக்மியர் ஹேவனிலிருந்து பர்லிங் கேப் வரை பாறைச் சுவருக்குக் கீழே நடந்தால், நடுவில் மேலே ஏற வழியில்லை. நீர் ஏறினால் முன்னேயும் போக முடியாது, பின்னேயும் வர முடியாது. கிளம்பும் முன் நியூஹேவன் துறைமுகத்தின் கடல் ஏற்ற இறக்க அட்டவணையைக் கட்டாயம் பாருங்கள். அந்தக் கீழ்வழியைக் குடும்பத்தோடு தவிர்ப்பதே நல்லது.

மூன்றாவது, நீரில் இறங்குவது. 2016 ஆகஸ்ட் 24 அன்று, இதே சசெக்ஸ் கரையின் கேம்பர் சாண்ட்ஸில் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த ஐந்து லண்டன் இளைஞர்கள் மூழ்கி இறந்தார்கள். அப்போது அங்கே உயிர்காப்பாளர்கள் இல்லை; அதற்குப் பிறகே நிறுத்தப்பட்டார்கள். அந்தக் குடும்பங்களின் துயரம் இன்னொரு வீட்டுக்கு வரக்கூடாது. சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே, உயிர்காப்பாளர் கண்பார்வையில் மட்டும் குளியுங்கள். நீர் இழுத்தால் எதிர்த்து நீந்தாதீர்கள். தலையைப் பின்னால் சாய்த்து, காது நனைய மல்லாந்து மிதந்து, மூச்சு சீரானபின் கையை உயர்த்தி உதவி கேளுங்கள்.

ஏதாவது நேர்ந்தால்?

999 அல்லது 112ஐ அழைத்து, "கோஸ்ட்கார்ட்" வேண்டுமென்று கேளுங்கள். கடலோர மீட்புக்குக் கட்டணம் கிடையாது. பில் வருமோ என்று தயங்கி நேரத்தைக் கடத்தாதீர்கள். இடத்தின் பெயரை முதலில் சொல்லுங்கள். காப்பாற்ற நீங்களே பாறையில் ஏறவோ கடலில் குதிக்கவோ வேண்டாம். ஊரிலிருந்து வந்தவர்களுக்கும் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சிகிச்சை இலவசம். வார்டில் சேர்த்தால் பணம் கட்ட நேரிடும். பெற்றோரை அழைக்கும்போதே பயண இன்சூரன்ஸ் எடுத்துவிடுங்கள்.

கார் பார்க்கிலோ கடையிலோ உடைந்த படிக்கட்டு போன்ற பராமரிப்புக் குறையால் அடிபட்டால் கதை வேறு. இடத்தை நடத்துபவரின் பொறுப்பு பற்றிய 1957ஆம் ஆண்டின் சட்டப்படி இழப்பீடு கோரலாம். உடனே படம் எடுங்கள், நிர்வாகத்திடம் எழுத்தில் பதியுங்கள். வழக்குத் தொடர பொதுவாக 3 ஆண்டு கெடு. குழந்தைகளுக்கு அது 18 வயதிலிருந்துதான் தொடங்கும்.

பொதுப் பாதையை யாராவது அடைத்திருந்தாலோ, "உள்ளே வராதே" என்று பொய்ப் பலகை வைத்து விரட்டினாலோ சண்டைக்குப் போகாதீர்கள். படத்தோடு கவுன்ட்டி கவுன்சிலின் பாதை உரிமைப் பிரிவுக்கு எழுதுங்கள். பாதையைக் காப்பது அவர்களின் சட்டக் கடமை. மக்களைத் தடுக்கப் பொய் அறிவிப்பு வைப்பது குற்றம்.

இந்த வாரமே போவதாக இருந்தால், இதில் சொன்ன அவசர எண்ணையும் மிதக்கும் முறையையும் வீட்டிலுள்ள எல்லோருக்கும், முக்கியமாக இளைஞர்களுக்கு, சொல்லிக்கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.