‘பாப்பம்’ என்று நின்றுபோகும் பேச்சு

இரவு பதினொரு மணி. சூரிச்சில் ஒரு தமிழ் வீடு என்று வைத்துக்கொள்வோம். உணவகச் சமையலறையில் வேலை முடித்துக் கணவர் வந்து உட்கார்ந்ததும், வேலையிடத்தில் பட்ட அவமானத்தை மனைவி சொல்லத் தொடங்குகிறார். குரல் தழுதழுக்கிறது. “சரி, விடும். பாப்பம்” என்கிறார் கணவர், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாதா?

சுவிட்சர்லாந்தில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சூரிச் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் கீ போடன்மானும் குழுவினரும் 189 ஜோடிகளை ஆராய்ந்தார்கள். சில ஜோடிகளில் ஒருவரை மட்டும், சிலவற்றில் இருவரையுமே மன அழுத்தத்துக்கு உள்ளாக்கிவிட்டு, அவர்கள் பேசிக்கொள்வதைக் கவனித்தார்கள். முடிவு 2015-ல் வெளியானது. தனக்கு அழுத்தம் இல்லாதபோது ஆண் பெண்ணுக்குச் சளைக்காமல் துணைநின்றான். இருவரும் ஒருசேரத் தவித்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது. பெண் தன் உணர்ச்சியைக் கொட்டக் கொட்ட, ஆணின் ஆதரவு குறைந்தது. பேச்சில் கடுமை ஏறியது.

ஆக, ஆறுதல் சொல்லும் திறமை அவனிடம் இருக்கிறது. அதிகம் தேவைப்படும் வேளையில் அது கைநழுவுகிறது. ஆய்வு அளந்தது நடத்தையை. அதன் வேரை வளர்ப்பில் தேடுவதில் நியாயம் உண்டு. ‘ஆம்பிளை அழக்கூடாது’ என்று கேட்டு வளர்ந்தவனுக்கு, களைத்துப்போன நேரத்தில் மனைவியின் கண்ணீர் தன்மேல் விழும் குற்றச்சாட்டாகவே தோன்றும்.

சுவிட்சர்லாந்தில் இந்த வளர்ப்புக்குச் சட்டமும் துணைபோனது. கணவனே குடும்பத் தலைவன். மனைவி வேலைக்குப் போக அவன் சம்மதம் வேண்டும். 1985 செப்டம்பர் வாக்கெடுப்பில் 54.7 சதவீதம் பேர் மாற்றத்தை ஆதரித்த பிறகு, 1988-ல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. பழைய சட்டத்தின்கீழ் அங்கே பிறந்த பையன்கள்தான் இன்று நாற்பதைத் தாண்டிய கணவர்கள்.

போடன்மான் ஜோடிகளுக்காக உருவாக்கிய மூன்று கட்டப் பயிற்சி, ஆதரவு கைநழுவும் அந்த இடத்தைத்தான் தொடுகிறது. முதல் கட்டத்தில் ஒருவர் வெளியில் பட்ட துன்பத்தை நிதானமாகச் சொல்ல, மற்றவர் கவனித்துக் கேட்கவேண்டும். தீர்வு சொல்ல வாயெடுத்தால் சிகிச்சையாளர் தடுத்துவிடுவார். அடுத்து, கேட்டவர் ஆதரவு தருகிறார். கடைசியில், அதில் எது உதவியது, எது உதவவில்லை என்று சொன்னவரே சொல்கிறார்.

பிறகு இடம் மாறவேண்டும். இப்போது கணவர் பேசவேண்டும். ஆணுக்கு உண்மையில் கடினமான இடம் இதுதான். “வேலை கொஞ்சம் கூட” என்று தொடங்கி நிறுத்திக்கொள்வார். சமையலறைச் சூடு, முதலாளியின் ஏச்சு, கையில் பட்ட கொதியெண்ணெய் எல்லாம் தயங்கித் தயங்கி வரும். சிகிச்சையாளர் அவசரப்படுத்த மாட்டார். “அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருப்பார். மனைவியும் காத்திருப்பார்.